எழுதப்படாத ஒப்பந்தம்: கருத்துக் கேட்டுவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்?

சேலத்து நிறுவனங்களுக்கு ஒரு வசதி உண்டு. 'மாற்றத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச' ஊழியர்களை எங்காவது கூட்டிப்போக வேண்டுமென்றால் ரொம்ப தூரம் அலைய வேண்டாம். காலையில் வேன் ஏற்றினால் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி டிபன் நேரத்துக்கு ஏற்காடு. நான் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில்லிங்கில் இருந்தபோது எங்களையும் அப்படித்தான் கூட்டிப்போனார்கள். செக்‌ஷனுக்கு இரண்டு மூன்று பேர், மொத்தம் 40 பேர் இருக்கும்.

ஒரு ரிசார்ட்டின் ஹாலில் ஆளுக்கு மூன்று மஞ்சள் சீட்டு கொடுத்தார்கள். "கடையில என்ன மாறணும்னு எழுதுங்க, பேர் போட வேண்டாம், பயப்படாதீங்க" என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். எழுதினோம். சேலைப் பிரிவு அக்காக்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல். அடுத்தது ஷிப்ட் சார்ட்டை முதல் நாள் ராத்திரி ஒட்டாமல் ஒரு வாரம் முன்னதாகவே ஒட்ட வேண்டும் என்பது. இன்னொன்று சேலத்துக்காரர்களுக்கு மட்டுமே புரியும் வேதனை. ஆடி மாதம்தான் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலம், வீடெல்லாம் சொந்தக்காரர்கள். அதே ஆடிதான் ஜவுளிக்கடைக்குத் தள்ளுபடி மாதம், யாருக்கும் லீவு கிடையாது. முறை வைத்தாவது ஆளுக்கு ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கடைசி டவுன் பஸ் போவதற்குள் விடுங்கள் என்று எழுதியவர்களும் உண்டு. அயோத்தியாப்பட்டணம், ஓமலூர் பக்கம் போகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சீட்டையெல்லாம் ஒரு சார்ட்டில் ஒட்டி, மேனேஜர் சார் கைதட்டி, மதியம் பிரியாணி. சாயங்காலம் லேடீஸ் சீட்டில் குரூப் போட்டோ. கீழே சேலம் விளக்குகள் மினுக்க ஆரம்பிக்கும் நேரத்தில் வேன் இறங்கியது.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வாரம் கழித்து எல்லோருக்கும் 'நாம் ஒரே குடும்பம்' என்று அச்சடித்த பேட்ஜ் வந்தது. அவ்வளவுதான்.

என்னை யோசிக்க வைத்தது இதற்கு அடுத்து நடந்ததுதான். ஏற்காடு போவதற்கு முன்னால் ஸ்டூல் இல்லையே என்று யாரும் பெரிதாகக் கோபப்பட்டதில்லை. கால் வலிக்குது என்பார்கள், இடைவேளையில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே மேனேஜரைக் கிண்டல் செய்வார்கள், முடிந்தது. போய்வந்த பிறகு அதே ஆட்கள், அதே கடை, அதே கால்வலி. ஆனால் முகத்தில் ஒரு கசப்பு. கணக்குப் பார்த்தால் அவர்களுக்கு நஷ்டமே இல்லை. ஒரு நாள் ஊர் சுற்றியதும் பிரியாணியும் லாபம்தான். பிறகு ஏன் இந்தக் கோபம்?

இதற்கு நிர்வாகவியலில் ஒரு பெயர் இருக்கிறது. உளவியல் ஒப்பந்தம் என்பார்கள். எழுதப்படாத ஒப்பந்தம் என்று சொன்னால் நமக்குச் சுலபமாகப் புரியும்.

வேலைக்குச் சேரும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் சம்பளம், நேரம், பிஎஃப் எல்லாம் இருக்கும். (பல இடங்களில் அந்தக் காகிதமும் கிடையாது, அது வேறு கதை.) அதற்கு அடியில் யாரும் எழுதாத இன்னொரு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் உள்ள கொலுசுப் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் குவிந்தால் பட்டறைக்காரர் ராத்திரியும் உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுப்பார். அவர் வீட்டில் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் ஆர்டர் கொடுக்கும் வெள்ளிக்காரர் கைவிட மாட்டார் என்று அவர் மனதில் ஒரு கணக்கு இருக்கும். இதை எந்தப் பத்திரத்திலும் பார்க்க முடியாது. ஆனால் ஒருவர் அதை மீறினால் இருவருக்குமே தெரியும்.

1960இல் அமெரிக்கப் பேராசிரியர் கிறிஸ் ஆர்கிரிஸ் தொழிற்சாலைகளில் இதைக் கவனித்து எழுதினார். மேற்பார்வையாளர்கள் தொழிலாளர்களின் பழக்கவழக்கங்களில் தேவையில்லாமல் மூக்கை நுழைக்காமல், கூலியையும் வேலைப் பாதுகாப்பையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், தொழிலாளர்கள் உற்பத்தியைக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்வதும் குறைகிறது. யாரும் பேசிவைத்துக்கொள்ளாத உடன்படிக்கை அது. 1989இல் டெனிஸ் ரூசோ இந்தக் கருத்தைக் கூர்மையாக்கினார். (பிரெஞ்சுத் தத்துவஞானி ரூசோ இல்லை, இவர் அமெரிக்கப் பேராசிரியை.) ஒப்பந்தம் இருப்பது ஊழியரின் மனதில் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 'எனக்கு இது கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்' என்று ஊழியர் நம்புகிறார். நிர்வாகம் வாயால் சொன்னது மட்டும் அந்த நம்பிக்கையை உண்டாக்குவதில்லை. செய்தது, செய்யாமல் விட்டது, தலையாட்டியது எல்லாமே சேர்ந்து உண்டாக்குகின்றன.

இப்போது மஞ்சள் சீட்டுக்கு வாருங்கள். ஸ்டூல் தருகிறோம் என்று மேனேஜர் எங்கேயும் சொல்லவில்லை. சட்டப்படிப் பார்த்தால் வாக்குறுதியே இல்லை. ஆனால் நாற்பது பேரை மலை மேல் ஏற்றி, "என்ன மாறணும்?" என்று கேட்டு, எழுதி வாங்கி, கைதட்டினார். எழுதிக் கொடுத்தவர் மனதில் என்ன பதியும்? 'கேட்கிறார்களென்றால் ஏதோ செய்யப்போகிறார்கள்.' கேட்டதே வாக்குறுதி ஆகிவிட்டது. என் அனுபவத்தில் நிர்வாகங்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். கருத்துக் கேட்பதை இலவசமான காரியம் என்று நினைக்கிறார்கள். கேட்ட அன்றே கடன் ஏறிவிடுகிறது என்பது தெரிவதில்லை.

கேட்காமல் இருந்த காலத்தில் ஸ்டூல் இல்லாதது ஒரு அசௌகரியம். கேட்ட பிறகு ஸ்டூல் வரவில்லையென்றால் அது அவமரியாதை. 'தெரியாமல் இருந்தார்கள்' என்று இத்தனை நாள் மனதைத் தேற்றிக்கொண்டவர், 'தெரிந்தும் செய்யவில்லை' என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார். சேலைப் பிரிவு அக்காவின் கோபம் அதுதான்.

இது நம்மூர் ஜவுளிக்கடைக்கு மட்டுமான வியாதி என்று நினைக்க வேண்டாம். 1994இல் சாண்ட்ரா ராபின்சனும் ரூசோவும் சேர்ந்து மேலாண்மைப் பட்டம் படித்துவிட்டு நல்ல வேலைக்குப் போனவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். சேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் நிர்வாகம் தங்களிடம் சொன்ன சொல்லை மீறியதாகப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். டை கட்டினவருக்கும் இதே கதிதான்.

மீறல் நடந்த பிறகு என்ன ஆகும்? சண்டை வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். பெரும்பாலும் வராது. உறவு சுருங்கும். அதுவரை 'நம்ம கடை' என்றிருந்தது 'கடை' என்றாகும். தீபாவளி நேரத்தில் சொல்லாமலே ஒரு மணி நேரம் கூட நின்றவர், இப்போது கடிகாரம் பார்ப்பார். பக்கத்து செக்‌ஷனில் கூட்டம் அலைமோதினால் ஓடிப்போய்க் கைகொடுத்தவர், "எனக்கு அங்க டியூட்டி போடலயே" என்பார். சம்பளத்துக்கு ஏத்த வேலை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ரூசோ இதை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று உறவு சார்ந்த ஒப்பந்தம், மற்றது கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தம். முன்னது உடைந்தால் மனிதர்கள் பின்னதற்குள் ஒடுங்கிக்கொள்கிறார்கள். இதில் சோம்பேறித்தனம் எதுவுமில்லை, ஏமாந்தவன் கடன் கொடுப்பதை நிறுத்துகிறான், அவ்வளவுதான்.

போவதா, பேசுவதா, சும்மா இருப்பதா

கசப்பு வந்த பிறகு ஒரு ஊழியருக்கு என்னென்ன வழி இருக்கிறது என்பதற்கும் ஒரு எளிய வரைபடம் உண்டு. 1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் போட்டுக் கொடுத்தது. விலகிப்போகலாம், குரல் கொடுக்கலாம், விசுவாசத்தால் பொறுத்திருக்கலாம். அவருக்கு இந்த யோசனை வந்த இடம் சுவாரசியமானது. நைஜீரியாவின் வடக்கிலிருந்து துறைமுகத்துக்குச் சுமார் 800 மைல் நிலக்கடலை போக வேண்டும். ரயில் இருக்கிறது. ஆனால் சேவை படுமோசம், லாரிகள் சரக்கைத் தட்டிப்போகின்றன. போட்டி வந்தால் ரயில்வே திருந்தும் என்றுதானே பாடப்புத்தகம் சொல்லும்? திருந்தவில்லை. ஏனென்றால் யார் சத்தம்போட்டு ரயில்வேயைத் திருத்தியிருப்பார்களோ, அவர்கள்தான் முதலில் லாரிக்கு மாறிப் போனவர்கள். மிச்சமிருந்தவர்களுக்குச் சத்தம்போடும் தெம்பில்லை. நஷ்டம் வந்தால் அரசாங்கம் ஈடுகட்டும் என்பதால் ரயில்வேக்கும் உறுத்தவில்லை.

எங்கள் கடையிலும் முதலில் போனது சேலைப் பிரிவில் நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர். வேறு கடையில் உடனே எடுத்துக்கொண்டார்கள். திறமைசாலிக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. போக வழியில்லாதவர்கள், போக மனமில்லாதவர்கள் மிஞ்சினோம். நிர்வாகம் இதை 'குறை சொல்றவங்க போயிட்டாங்க, இப்ப அமைதியா இருக்கு' என்று புரிந்துகொண்டது.

அந்த அமைதியைப் பற்றி ஒரு வார்த்தை. 2000இல் எலிசபெத் மாரிசன், பிரான்சிஸ் மில்லிகன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு 'நிறுவன மௌனம்' என்று பெயர் வைத்தார்கள். பிரச்சினை என்னவென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் மேலே சொல்ல மாட்டார்கள். சொன்னால் வம்பு என்ற பயம் ஒரு காரணம், சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு இன்னொன்று. பயத்தைக்கூடப் போக்கிவிடலாம். சலிப்புக்கு மருந்து கிடைப்பது கஷ்டம். அடுத்த வருடமும் எங்களை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அதே மஞ்சள் சீட்டு. இந்த முறை முக்கால்வாசிச் சீட்டில் எழுதியிருந்தது: 'சாப்பாடு நன்றாக இருந்தது.' பயிற்சிக்காரருக்கு ஒரே சந்தோஷம். குறைகள் குறைந்துவிட்டன என்று மேனேஜரைப் பாராட்டினார்.

மேனேஜர் மோசமானவரா?

இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மேனேஜர் சார் நல்ல மனிதர். கொரோனா சமயத்தில் தன் கைக்காசில் பல பேருக்கு மளிகை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் ஒரு ஸ்டூல் வாங்கக்கூட அவர் கையில் அதிகாரம் இல்லை. ஆடி லீவை முடிவு செய்வது முதலாளி குடும்பம், ஷிப்டை முடிவு செய்வது விற்பனைக் கணக்கு. கேட்பவர் ஒருவர், கொடுக்க வேண்டியவர் இன்னொருவர் என்றால் இந்த ஒப்பந்தம் உடைந்தே தீரும். கேட்கும் வேலையைச் சாவி இல்லாதவரிடம் ஒப்படைப்பது பல நிறுவனங்களுக்கு வசதியாகவும் இருக்கிறது. கோபம் மேலே ஏறாமல் பாதி வழியிலேயே நின்றுவிடும் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. மாற்றங்களில் கண்ணுக்குத் தெரிகிற மலிவான மாற்றம் இருக்கிறது, அதிகாரத்தைத் தொடுகிற மாற்றம் இருக்கிறது. பேட்ஜ், புது யூனிஃபார்ம், சுவரில் பொன்மொழி எல்லாம் முதல் வகை. யார் எப்போது உட்காரலாம், யார் எந்த நாள் வரலாம் என்பதெல்லாம் இரண்டாம் வகை. ஸ்டூலின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் 'வேலை நேரத்தில் உட்காரலாம்' என்று ஒப்புக்கொள்வது நிர்வாகத்துக்கு அதைவிடப் பல மடங்கு கனமான விஷயம். நிற்கும் ஆள்தான் சுறுசுறுப்பான ஆள் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டுமே. அதே ஆர்கிரிஸ் பிற்காலத்தில் இதையும் பிரித்துக் காட்டினார்: வாயால் சொல்லும் கொள்கை ஒன்று, கையால் நடத்தும் கொள்கை வேறொன்று. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள பேட்ஜைப் படிக்க வேண்டியதில்லை. ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஸ்டூல் விஷயத்தில் சட்டமே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. கடைகளில் பெண்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு கேரளம் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. அதாவது இது மஞ்சள் சீட்டில் கெஞ்ச வேண்டிய விஷயமே இல்லை. ஆனாலும் சட்டம் நாற்காலியைத்தான் கொண்டுவரும். நாற்காலி மூலையில் கிடக்க, உட்கார்ந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசர் முறைப்பார் என்றால் உட்காருவது யார்? எழுதிய ஒப்பந்தத்தை எழுதாத ஒப்பந்தம் தோற்கடிக்கிற இடம் இது.

கருத்துப் பெட்டிக்கும் சட்டம் சொல்லும் வழிக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர் குழு வேண்டும். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், மொத்தம் 10 பேருக்கு மிகாமல். தலைவர் பதவி இரு தரப்புக்கும் மாறி மாறி வரும். மனு வந்தால் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். குழுவில் உள்ள தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒத்துக்கொள்ளாத முடிவு செல்லாது. இந்தக் கடைசி விதி முக்கியமானது. இது தனிநபரின் குறைக்கான வழி, ஷிப்ட் முறையையே மாற்ற இது மட்டும் போதாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே தேதி இருக்கிறது, முடிவு யார் கையில் என்பது இருக்கிறது, பதில் சொல்லாமல் நழுவ இடமில்லை. மஞ்சள் சீட்டில் இந்த மூன்றுமே கிடையாது.

கேட்டவுடன் பதில் வருவதன் வலிமைக்கு வேறொரு உதாரணமும் சொல்லலாம். டொயோட்டா கார் தொழிற்சாலையில் வேலை நடக்கும் வரிசையில் ஒரு கயிறு தொங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் சாதாரணத் தொழிலாளியே அதை இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத்தலைவர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். உடனே தீர்க்க முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். கயிறு யார் வேண்டுமானாலும் வாங்கிக் கட்டலாம். இழுத்தால் ஒருவர் ஓடிவருவார் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். இழுத்து இழுத்துப் பார்த்தும் யாரும் வரவில்லையென்றால் அந்தக் கயிற்றில் துணி காயப்போட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜவுளிக்கடையை விட்டுவிட்டு நான் அடுத்துச் சேர்ந்தது ஆத்தூர் ரோட்டில் ஒரு சின்ன பேக்கிங் யூனிட்டில். கணக்கு எழுதும் வேலை. 30 பேர்கூட இல்லை. மலையெல்லாம் ஏறவில்லை, ஷெட்டிலேயே தரையில் உட்கார்ந்து ஒரு கூட்டம். மூன்று விஷயம் கேட்டார்கள். அடுத்த வாரம் கரும்பலகையில் யூனிட் மேனேஜர் தன் கையாலேயே எழுதிப்போட்டார்: 'சம்பளம் – இனி 7ஆம் தேதிக்குள். ராத்திரி ஷிப்டுக்கு வேன் – 15ஆம் தேதி முதல். கேன்டீன் – முடியாது, ஷெட்டில் இடமில்லை.'

மூன்றாவது வரியைப் பார்த்து எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த முணுமுணுப்பில் ஜவுளிக்கடையில் பார்த்த கசப்பு இல்லை. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, காரணத்தோடு. 'முடியாது' என்பதும் ஒரு பதில்தான் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பதில் வருகிற இடத்தில் மறுபடி கேட்கலாம், காரணத்தோடு மல்லுக்கட்டலாம்.

பேக்கிங்கில் இருந்த பெரியவர் ஒருவர், 'இடமில்லை' என்ற அந்த வார்த்தையைச் சும்மா விடவில்லை. மதிய நேரத்தில் பழைய சாக்கு அடுக்கியிருந்த மூலைப் பக்கமாக நடந்துகொண்டே இருந்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கையில் இன்ச் டேப் வைத்திருந்தார்.